அப்பாவின் ஜோக் நோட்டைப் புத்தகமாக்க: படிப்படியாக ஒரு வழிகாட்டி

எங்கள் அப்பா தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். இரவுப் பணியில் அழைப்புகள் ஓய்ந்த நேரத்தில் ஜோக்கும் கிண்டல் வெண்பாவும் எழுதுவார். பஸ், ரேஷன் கடை, மின்வெட்டு, சம்பள நாள், வீட்டுக்கு வந்து போகாத விருந்தாளி என்று அன்றாடம் கண்ணில் பட்டதெல்லாம் அவருக்குப் பாட்டுதான். இப்படி ஏழு நோட்டுகள் சேர்ந்திருந்தன. அவருடைய சதாபிஷேகத்துக்கு வருகிறவர்கள் கையில் அது ஒரு சின்னப் புத்தகமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்று மாதம் போதும் என்று நினைத்துத் தொடங்கினேன். ஐந்தரை மாதம் ஆனது. முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு இருந்தால், நான் தெரிந்துகொண்டது உங்களுக்கு உதவும்.

1. முதலில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுங்கள்

நோட்டை யாரிடமும் கொடுக்கும் முன் அட்டை முதல் அட்டை வரை செல்பேசியில் படம் எடுத்து, இரண்டு இடங்களில் சேமியுங்கள். நிழல் விழாத காலை வெளிச்சம் நல்லது. ஓரத்தில் கிறுக்கியிருப்பதையும் விடாதீர்கள். எங்கள் அப்பா தலைகீழாக எழுதி வைத்திருந்த நாலு வரிதான் கடைசியில் பின்னட்டைக்குப் போனது. துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின் இருந்தால் மெல்லக் கழற்றி எடுத்துவிடுங்கள்.

2. எது சொந்தம், எது எடுத்தெழுதியது என்று பிரியுங்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். அந்தக் காலத்தில் நோட்டு வைத்திருந்த எல்லோருமே வாரப் பத்திரிகையில் பிடித்த ஜோக்கையும் அதே நோட்டில், அதே கையெழுத்தில் எழுதி வைப்பார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எழுதியவர் நம்முடன் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டிக் கேளுங்கள். இதைத் தள்ளிப் போடவே வேண்டாம். நான் ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் என்று இருபது நாள் உட்கார்ந்தேன். ஐந்நூற்றுச் சொச்சத்தில் முந்நூற்றுப் பத்துதான் அப்பாவுடையது.

பதிப்புரிமைச் சட்டம் என்ன சொல்கிறது என்றால், ஒருவர் எழுதியதன் உரிமை அவர் வாழ்நாள் முழுவதும் அவருக்கு உண்டு. அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அது வாரிசுகளுக்கு. 1960இல் இறந்த ஒருவருடைய எழுத்து 2021 தொடக்கத்திலிருந்து பொதுவுடைமை, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். பெயர் இல்லாமலோ, யாரென்று தெரியாத புனைபெயரிலோ வந்ததற்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60. அதனால் 1980களில் பத்திரிகையில் வந்த துணுக்கு பழசாகத் தெரிந்தாலும் இன்னும் உரிமைக் காலத்துக்குள்தான் இருக்கிறது. காளமேகப் புலவர் பாடியதாக வழங்கும் தனிப்பாடல்களைத் தாராளமாகச் சேர்க்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாடல்களுக்கு அண்மையில் ஒருவர் எழுதிய உரையை அப்படியே எடுத்துப் போடக் கூடாது. பாட்டு பொது, உரை அவருடையது.

உங்கள் வீட்டில் ஒருவர் எழுதி அனுப்பிப் பத்திரிகையில் வந்த ஜோக் என்றால், அவர் அங்கே வேலையில் இல்லாமல் வெளியிலிருந்து அனுப்பியவர், வேறு ஒப்பந்தமும் இல்லை என்றால் உரிமை அவரிடமேதான். ஆனால் கூட வந்த படத்தைக் கவனியுங்கள். அது ஓவியருடைய வேலை. பத்திரிகைக் கத்தரிப்பை அப்படியே ஸ்கேன் செய்து போட்டால், உங்களுக்கு உரிமை இல்லாத படமும் சேர்ந்து அச்சாகிவிடும். நான் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டேன். நாலு படங்களை என் தங்கை மகன் புதிதாக வரைந்து கொடுத்தான்.

எழுதியவரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். "இவை என் சொந்தப் படைப்புகள், இன்னார் தொகுத்து வெளியிட ஒப்புகிறேன்" என்று தேதியோடு ஒரு கையெழுத்து போதும். அவர் இல்லை என்றால் உரிமை எல்லா வாரிசுகளுக்கும் போகும். குடும்பத்துக்குள் கொடுக்கும் புத்தகமானாலும் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை எல்லோரிடமும் ஒரே தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு மனத்தாங்கல் வராது. பதிப்பகத்துக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் வாரிசுச் சான்றிதழ் கேட்க வாய்ப்பு உண்டு. இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, வாரிசுகளின் அடையாளச் சான்று இவற்றோடு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். வட்டாட்சியர் அலுவலகம் தரும். பதிப்பக ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

பதிப்புரிமையைப் பதிவு செய்தே ஆக வேண்டுமா என்று பலர் கேட்டார்கள். கட்டாயம் இல்லை. எழுதிய கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது. பின்னாளில் சான்றாக இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு, அதற்குப் பிறகுதான் பரிசீலனையே. நாங்கள் செய்யவில்லை.

3. தட்டச்சு: யூனிகோடில் வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள்

யூனிகோடு என்பது எந்தக் கணினியிலும் திறந்து படிக்கக்கூடிய பொது எழுத்து முறை. தட்டச்சும் பக்க அமைப்பும் செய்து தரும் டிடிபி கடைகள் பலவற்றில் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் அடிக்கிறார்கள். அந்தக் கோப்பை வேறு கணினியில் திறந்தால் புரியாத குறிகள்தான் தெரியும். மாற்றித் தருகிற மென்பொருள் இருக்கிறது என்றாலும், மாற்றும்போது துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்துகொள்ளும். 'ஔ' என்பது 'ஒள' என்று இரண்டு எழுத்தாகிவிடும். கண்ணுக்கு ஒன்று போலவே தெரிவதால் இந்தப் பிழை அச்சு வரை போகும்.

அச்சிட்ட பக்கத்தைப் படம் எடுத்து எழுத்தாக மாற்றும் வசதி தமிழுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. கையெழுத்துக்கு அவ்வளவாகச் சரிவரவில்லை. உரைநடை ஜோக்குகளுக்கு நான் கண்டுபிடித்த சுலபமான வழி, செல்பேசியின் குரல் தட்டச்சில் படித்துச் சொல்வது. வேகம் மூன்று மடங்கு. பாட்டுக்கு மட்டும் அது உதவாது. நாம் சேர்த்துச் சொல்வதை அது தன் விருப்பத்துக்குப் பிரித்து எழுதும். பாட்டைக் கையால் அடித்தே ஆக வேண்டும்.

4. எதை விடுவது

பழைய ஜோக்குகளில் பூரிக்கட்டையால் அடிக்கும் மனைவி வருவாள், திக்கிப் பேசுகிறவர் வருவார், ஒரு ஜாதிக்காரரின் பேச்சு வழக்கு வரும். எழுதப்பட்ட நாளில் எல்லோரும் சிரித்ததுதான். இன்று அதைப் படிக்கும் கூட்டத்தில் திக்கிப் பேசும் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். நான் அப்படிப்பட்டதைத் திருத்தி எழுதிப் பார்த்தேன், உயிர் போய்விட்டது. திருத்தாதீர்கள், மொத்தமாக விட்டுவிடுங்கள். அப்பாவும் அதைத்தான் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர், மேலதிகாரி என்று நிஜப் பெயரோடு எழுதியவற்றில் பெயரை மாற்றுங்கள். வெண்பாவில் பெயரை மாற்றினால் எதுகை போய்விடும் என்றால் அதையும் விட்டுவிட வேண்டியதுதான்.

முந்நூற்றுப் பத்தில் நூற்று நாற்பதுதான் புத்தகத்துக்கு வந்தது. அதுவே நிறைய. நகைச்சுவையைத் தொடர்ந்து முப்பது பக்கம் படித்தால் யாருக்கும் சலிக்கும். ஆகவே காலவரிசைப்படி அடுக்காமல் வீடு, தெரு, ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று பிரித்து, மூன்று ஜோக்குக்கு ஒரு பாட்டு என்று கலந்து வைத்தேன்.

5. மெய்ப்பு: பாட்டைக் காதால் பாருங்கள்

மெய்ப்பு என்றால் அச்சுக்குப் போகும் முன் பிழை பார்த்துத் திருத்துவது. இந்த ஒரு படிக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். அப்பாவின் குறள் வெண்பா ஒன்று:

மின்வெட்டு வந்ததும் பேசினோம் வீட்டிலே
பின்வந்த தேனோ ஒளி

மின்சாரம் போனபோது வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம், வெளிச்சம் ஏன்தான் திரும்ப வந்ததோ என்கிறார். மெய்ப்புப் பார்த்தவர் கவனமானவர், நல்ல தமிழ் தெரிந்தவர். அவருக்கு 'தேனோ' என்பது புரியாமல் போகும், யாராவது தேன் என்று படிப்பார்கள் என்று தோன்றியிருக்கிறது. 'பின் வந்தது ஏனோ ஒளி' என்று பிரித்துவிட்டார். எனக்கும் அது தெளிவாகத்தான் தெரிந்தது. அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பிரதியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது பார்வை மங்கல். மடியில் கையை வைத்து விரல் மடக்கிக்கொண்டே கேட்டவர் இரண்டாம் வரியில் நிறுத்திவிட்டார்.

"இன்னொரு தரம் படி."

படித்தேன்.

"எட்டுச் சீர் வருதேம்மா. குறளுக்கு ஏழுதானே?"

எண்ணிப் பார்த்தால் பின், வந்தது, ஏனோ, ஒளி என்று நாலு. மூன்று இருக்க வேண்டிய இடம். கண் பார்க்கத் தவறியதைக் காது பிடித்துவிட்டது. அன்றே எல்லாப் பாட்டையும் முதலிலிருந்து படித்துக் காட்டினேன். இப்படிப் பிரிக்கப்பட்டவை பதினொன்று.

நீங்களே சரிபார்க்க இலக்கணம் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டாம். வெண்பாவுக்கு இவ்வளவு போதும். தனிக் குறிலோ நெடிலோ, ஒற்று சேர்ந்தாலும் சேராவிட்டாலும், நேர். இரண்டு குறில், அல்லது குறிலும் அதை அடுத்து நெடிலும் சேர்ந்து வந்தால், ஒற்று சேர்ந்தாலும் சேராவிட்டாலும், நிரை. நேர், நிரை இவைதான் அசை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம். மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. ஒரு சீர் மாவில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். விளத்திலோ காயிலோ முடிந்தால் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். கனிச்சீர் வரவே கூடாது. கடைசிச் சீர் நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேரோடு உகரம்), பிறப்பு (நிரையோடு உகரம்) இந்த நாலு அமைப்பில் ஒன்றாக இருக்கும். மேலே உள்ள பாட்டில் 'தேனோ' மா, அடுத்து 'ஒளி' நிரை, சரியாக நிற்கிறது. 'பேசினோம்' என்பதை 'பேசிக்கொண்டோம்' என்று மாற்றினால் இயல்பாக இருக்குமே என்று ஒரு உறவினர் சொன்னார். மாற்றினால் அந்தச் சீர் நாலசையாகிவிடும், வெண்பாவில் அது ஏறாது. சந்தேகம் வந்தால் இணையத்தில் அவலோகிதம் என்ற யாப்பு மென்பொருள் இருக்கிறது, இலவசம். பாட்டை ஒட்டினால் சீர், தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் விதம்) எல்லாவற்றையும் பிரித்துக் காட்டும்.

படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்ற மெய்ப்பாளரின் கவலையும் நியாயம்தான். அதனால் பாட்டைக் கை வைக்காமல் சீர் பிரித்தபடியே போட்டு, அடியில் சின்ன எழுத்தில் சொல் சொல்லாகப் பதம் பிரித்த வடிவத்தைக் கொடுத்தோம்.

ஜோக்கிலும் ஒரு ஒற்று உயிரை எடுத்துவிடும்:

"நம்ம முருகன் வேலைத் தேடிக்கிட்டிருக்கான்."
"அப்படியா! மயில் கிடைச்சுடுச்சா?"

முதல் வரியில் அந்த 'த்' இல்லை என்றால் அவன் உத்தியோகம் தேடுகிறான். இருந்தால் வேலாயுதம் தேடுகிறான். மெய்ப்பாளர் பிழை என்று நினைத்து 'த்'தை எடுத்துவிட்டார். மயில் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியாமல் போயிருக்கும். இந்த மாதிரி சிலேடை உள்ள இடங்களைக் கோப்பைக் கொடுக்கும் முன்பே மஞ்சள் பூசிக் கொடுத்துவிடுங்கள். எழுத்துப்பிழை திருத்தியையும் அந்தப் பக்கங்களுக்கு ஓட்ட வேண்டாம்.

மெய்ப்பு இரண்டு சுற்று பாருங்கள். முதல் சுற்றுக்குப் பத்து நாள், இரண்டாவதற்கு ஒரு வாரம். மூன்றாவதாக ஒரு முறை உரக்கப் படிப்பது.

6. விளக்கத்தை ஜோக்குக்கு முன்னால் வையுங்கள்

"வீட்டுக்கு டிரங்க் கால் வந்திருக்கு, ஓடி வாங்க!"
"பெட்டிக்கு ஏது கால்?"

என் தங்கை மகளுக்குப் பதினாறு வயது. அவளுக்கு டிரங்க் காலும் தெரியாது, டிரங்குப் பெட்டியும் தெரியாது. முதலில் நான் புத்தகத்தின் கடைசியில் சொற்பொருள் பட்டியல் போட்டிருந்தேன். மாதிரியைக் கொடுத்தபோது ஒருவரும் அங்கே புரட்டிப் பார்க்கவில்லை. ஜோக்குக்குக் கீழே அடிக்குறிப்பு போட்டுப் பார்த்தேன். விளக்கம் படித்த பிறகு சிரிப்பு வரவில்லை. கடைசியில் ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் அப்பாவின் வாய்மொழியாக நாலைந்து வரி எழுதினோம். வெளியூருக்குப் பேச முன்பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தது, அதற்குப் பெயர் டிரங்க் கால், துணிமணி வைத்த தகரப் பெட்டிக்கும் அதே பெயர் என்று அங்கேயே சொல்லிவிட்டோம். அப்புறம் ஜோக் வரும்போது தானாகப் புரிந்தது.

7. அளவு, தாள், செலவு

டெமி 1/8 என்ற சாதாரணப் புத்தக அளவு வசதியானது. பக்க எண்ணிக்கை 16இன் மடங்காக இருக்கட்டும். ஒரு பாரம், அதாவது ஒரே பெரிய தாளில் அச்சாகி மடிக்கப்படுவது, 16 பக்கம். எங்களுடையது 96. 64 பக்கத்துக்குள் என்றால் நடுவில் பின் அடித்தே முடிக்கலாம், அதற்கு மேல் ஒட்டுக் கட்டு நல்லது. உள்தாள் 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேப்லித்தோ என்ற அச்சுத்தாள், லேசான மஞ்சள் நிறத்தில் கேளுங்கள். வெள்ளைத் தாள் வயதானவர்களுக்குக் கண் கூசும். எழுத்து 13 புள்ளிக்குக் குறைய வேண்டாம். ஒரு ஜோக்கின் கேள்வி ஒரு பக்கத்திலும் பதில் அடுத்த பக்கத்திலும் விழாமல் பாருங்கள்.

எங்களுக்கு ஆன செலவு இது. தட்டச்சு, கையெழுத்துப் பக்கம் ஒன்றுக்கு 30 ரூபாய் வீதம் 180 பக்கம், 5,400. மெய்ப்பு இரண்டு சுற்று 2,880. பக்க வடிவமைப்பு 3,840. அட்டை 2,500. மாதிரிப் பிரதி 350. அச்சு, 200 பிரதிகள், ஒன்றுக்கு 78 ரூபாய் என்று 15,600. மொத்தம் 30,570 ரூபாய். ஊருக்கு ஊர், அச்சகத்துக்கு அச்சகம் மாறும். மூன்று இடத்திலாவது எழுத்தில் விலை கேளுங்கள். லேமினேஷன், கட்டு, வண்டிக்கூலி எல்லாம் சேர்த்தா என்று தெளிவாகக் கேளுங்கள். 500க்குக் குறைவான பிரதிகள் என்றால் டிஜிட்டல் அச்சு, அதற்கு மேல் தகடு செய்து அச்சிடும் ஆஃப்செட் கட்டும்.

மாதிரிப் பிரதிக்கான 350 ரூபாயை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். எங்கள் பதினொரு வெண்பாவைக் காப்பாற்றியது அதுதான்.

8. ஐஎஸ்பிஎன் எண்

ஒவ்வொரு புத்தகத்துக்கும் உலக அளவில் தரப்படும் தனி அடையாள எண் இது. சொந்தக்காரர்களுக்கு மட்டும் கொடுக்கிறீர்கள் என்றால் தேவையில்லை. கடையிலோ இணையத்திலோ விற்க, நூலகத்துக்குக் கொடுக்க விரும்பினால் வாங்குங்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதை இலவசமாகத் தருகிறது. தனி ஆசிரியராகவே இணையத்தில் பதிவு செய்யலாம். அடையாளச் சான்று, தலைப்புப் பக்கம், அட்டை வடிவம் தயாராக இருக்கட்டும். வாங்கித் தருகிறேன் என்று என்னிடம் ஒருவர் மூவாயிரம் ரூபாய் கேட்டார். கொடுக்காதீர்கள். எனக்கு மூன்று வாரத்தில் வந்தது, அதனால் மெய்ப்பு நடக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த தலைப்பை அப்புறம் மாற்றினால் சிக்கல். மின்னூலும் போடுவதென்றால் அதற்குத் தனி எண் வேண்டும்.

9. அச்சகத்துக்கு எப்போது போவது

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அதற்காக நவம்பர், டிசம்பரில் அச்சகங்கள் புதுப் புத்தகங்களில் மூழ்கியிருக்கும். காலண்டர், டைரி வேலையும் அப்போதுதான். தேர்தல் நேரத்தில் சுவரொட்டி, முகூர்த்த மாதத்தில் கல்யாணப் பத்திரிகை. இந்த நேரங்களில் இருநூறு பிரதிக்காரரை யாரும் முன்னால் எடுக்க மாட்டார்கள். எங்கள் கோப்பு ஒரு அச்சகத்தில் பதினெட்டு நாள் சும்மா கிடந்தது. விசேஷத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே புத்தகம் கைக்கு வருகிற மாதிரி கணக்குப் போடுங்கள். பிரிக்க, தட்டச்சு செய்ய இரண்டு மாதம், மெய்ப்பு, வடிவமைப்புக்கு ஒன்றரை மாதம், அச்சுக்கு இரண்டு வாரம், அவசரத்துக்கு ஒரு மாதம். ஆக ஐந்து மாதம்.

பணத்தைப் பாதி முன்பணமாகவும் மீதியைப் பிரதியைப் பார்த்த பிறகும் கொடுங்கள். கட்டைப் பிரித்து ஐந்தாறு பிரதிகளைப் புரட்டிப் பாருங்கள். பாரம் மாறிக் கட்டியிருக்கலாம். வடிவமைத்த மூலக் கோப்பையும் பிடிஎஃப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு இன்னும் ஐம்பது வேண்டும் என்று கேட்பார்கள். எங்களிடம் கேட்டார்கள்.

10. அச்சான பிறகு

வெளியிட்ட 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டம். சிறு புத்தகம்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அனுப்புங்கள். உங்கள் வீட்டு நோட்டு கன்னிமாராவில் இருக்கிறது என்பது எழுதியவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் அப்பா முகத்தில் பார்த்தேன். அஞ்சல் ரசீதை எடுத்து வையுங்கள்.

பழைய நோட்டுகளை லேமினேட் செய்ய வேண்டாம், பிளாஸ்டிக் பையிலும் கட்ட வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி, பூச்சி வராமல் இரண்டு வசம்புத் துண்டு போட்டு, ஈரமில்லாத அலமாரியில் வைத்தால் போதும். வருடத்துக்கு ஒரு முறை வசம்பை மாற்றுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் துணியோடு எட்டாவதாக ஒரு புது நோட்டும் இருக்கிறது. இப்போது அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.